வட சென்னைப் பிள்ளைகளுக்குப் புவியியல் சிகாகோவிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சில வாரங்களாக மனிதப் புவியியலின் அடிப்படைக் கருத்துகளைக் கேள்வி பதிலாக வெளியிட்டு வருகிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் எடுக்கிறவள். அந்தப் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் வெட்டி ஃபைலில் வைக்கிறேன், பிள்ளைகளுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். விளக்கங்களில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எந்தக் கருத்தை எடுத்தாலும் உதாரணம் கடல் தாண்டிப் போய்விடுகிறது. நகர அமைப்பு என்றால் சிகாகோ, மைய இடக் கோட்பாடு என்றால் தெற்கு ஜெர்மனி, நோய் வரைபடம் என்றால் 1854-இல் லண்டனில் காலரா பரவிய தெருவும் அங்கே இருந்த தண்ணீர் பம்பும். இதெல்லாம் பிள்ளைகள் படிக்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் என்ன ஆகிறது என்பதை என் வகுப்பில் பார்த்தேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் இடப்பெயர்வின் உந்து காரணிகளையும் (பழைய ஊரைவிட்டுத் தள்ளுபவை) ஈர்ப்புக் காரணிகளையும் (புது ஊருக்கு இழுப்பவை) மூச்சு விடாமல் ஒப்பித்தான். சரி, உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்க ஆயா திண்டிவனம் பக்கம் மிஸ். நாலு வருஷம் மழையே இல்லையாம், தாத்தாவுக்கு இங்க மில்லுல வேலை கிடைச்சுதாம், வந்துட்டாங்க." நீ இப்போது சொன்னதில் உந்து காரணி எது, ஈர்ப்புக் காரணி எது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "இதை பரீட்சையில எழுதலாமா மிஸ்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. தன் ஆயாவின் கதை பாடத்துக்கு வெளியே இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பாடம் முழுக்க அவன் தெருவில்தான் இருக்கிறது.

தலம், சூழமைவு என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் உட்கார்ந்திருக்கிற மண்ணும் அதன் தன்மையும் தலம். சுற்றியுள்ள ஊர்களோடும் வழிகளோடும் சந்தைகளோடும் அதற்கு இருக்கிற தொடர்பு சூழமைவு. இரண்டு வரி விளக்கம், இரண்டு மதிப்பெண், பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடுவார்கள். இதையே நம் ஊரை வைத்துச் சொன்னால் எப்படி இருக்கும்? 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்ட இந்தக் கரையைப் பிடித்தபோது, கப்பல் துறைக்கு இதைவிட மோசமான தலம் கிடைத்திருக்காது. ஒதுங்கி நிற்க ஒரு குடா கிடையாது, வெறும் மணல், ஓயாத அலை. கப்பலைத் தூரத்தில் கடலிலேயே நிறுத்திவிட்டு, பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். அப்படி இருந்தும் ஏன் இங்கே? உள்நாட்டில் துணி நெய்கிறவர்கள் இருந்தார்கள், துணி மலிவாகக் கிடைத்தது. சூழமைவு நல்லதாக இருந்தது, தலத்தின் குறையைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்தத் துணியை வெளுத்துக் காயவைக்கத் திறந்தவெளி வேண்டியிருந்தது, அது வண்ணாரப்பேட்டை ஆனது. நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் கவர்னர் காலெட் பெயரில் காலெட்பேட்டை ஆகி, நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. தினமும் அந்த ஸ்டேஷனில் மெட்ரோ ஏறுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், தலமும் சூழமைவும் ஆயுசுக்கும் மறக்காது.

துறைமுகத்தோடு கதை முடிந்துவிடவில்லை, எனக்குப் பாடம் நடத்தப் பிடித்த இடமே அதற்கப்புறம்தான் வருகிறது. மனிதனை இயற்கை ஆட்டிவைக்கிறது என்று ஒரு கட்சி, இயற்கை வாய்ப்புகளைத்தான் தருகிறது, தேர்ந்தெடுப்பது மனிதன் என்று இன்னொரு கட்சி. முதலாவதற்கு ஜெர்மனியின் ராட்சல், இரண்டாவதற்குப் பிரான்சின் விடால் டி லா பிளாஷ் என்று பிள்ளைகள் பெயரைப் பொருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். சென்னைத் துறைமுகத்தைக் காட்டினால் இரண்டு கட்சியுமே போதாது என்பது புரியும். குடா இல்லாத கரையில் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலை தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். 1881-இல் புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். மனிதன் தேர்ந்தெடுத்தான், ஜெயித்தான், அதுவரை சரி. ஆனால் நம் கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த ஓட்டத்தை நீட்டிக்கொண்டிருக்கிற சுவர் மறிக்கிறது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. ஊருக்கெல்லாம் அழகான கடற்கரை கிடைத்ததும், எங்கள் பக்கம் கடற்கரைக்குப் பதிலாகக் கருங்கல் குவியல் கிடைத்ததும் ஒரே சுவரால். மீனவத் தெருக்கள் சில கடலுக்குள் போன பிறகு அந்தக் கல்லைக் கொட்டினார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள், "அப்ப மெரினாவுல நாம உட்காருறது நம்ம ஊரு மணல்லதானா மிஸ்?" இயற்கைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை.

அந்த முதல் கட்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், உங்கள் பக்கத்தில் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். வெப்பமான நாட்டுக்காரர்கள் சோம்பேறிகள், குளிர் நாட்டுக்காரர்கள் உழைப்பாளிகள் என்று அந்தக் காலத்தில் அறிவியல் போலவே எழுதினார்கள், அடிமைப்பட்ட நாடுகளை ஆள்வதற்கு அது வசதியான நியாயமாக இருந்தது. புவியியல் அறிஞர்கள் அதைக் கைவிட்டதற்கு இது முக்கியமான காரணம். பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும், ஏனென்றால் அவர்கள் தினமும் அதே பேச்சைக் கேட்கிறார்கள். "அந்த ஏரியாப் பசங்க அப்படித்தான்" என்று சொல்கிறவர், ராட்சலைப் படிக்காமலேயே, ஒரு மண்ணில் பிறந்தால் குணம் இப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்பு எழுதுகிறார். என்னிடம் படித்த ஒரு பையன், வேலைக்கு விண்ணப்பம் போடும்போது வியாசர்பாடி என்று எழுதாமல் வெறும் சென்னை என்று போட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வெளி வேறு, இடம் வேறு என்று இந்தப் பாடத்தில் ஒரு கருத்து வருமே, யீ-ஃபூ துவான் என்ற அறிஞர் விரித்துச் சொன்னது, அதை இங்கேதான் நடத்த வேண்டும். வரைபடத்தில் இத்தனை டிகிரி, இத்தனை கிலோமீட்டர் என்று இருப்பது வெளி. அதில் வாழ்ந்து, பெயர் வைத்து, நினைவு சேர்த்து, பயமும் பிரியமும் ஏறினால் அது இடம். காசிமேடு என்ற சொல்லைக் கேட்டதும் அடையாறில் இருப்பவர் மனதில் ஒரு படம் வரும், விடிகாலை ஏலத்தில் மீன் எடுக்கிற அம்மாவின் மனதில் வேறொரு படம் வரும். இரண்டும் இடம்தான். ஆனால் எந்தப் படம் பேப்பரிலும் சினிமாவிலும் வருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. மன்னிக்கவும், உங்கள் பேப்பரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடப்பெயர்வுக்கு மறுபடி வருகிறேன். 1885-இல் ரேவன்ஸ்டைன் என்ற அறிஞர் பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்துச் சில விதிகள் சொன்னார்: பெரும்பாலானவர்கள் கொஞ்ச தூரமே நகர்கிறார்கள், படிப்படியாக நகர்கிறார்கள், போகிற கூட்டத்துக்கு எதிராகத் திரும்புகிற கூட்டமும் உண்டு, கிட்டத்து இடப்பெயர்வில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இந்தக் கடைசி விதியைச் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. சரி, உங்கள் அம்மா எந்த ஊர் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, செங்குன்றம், ஊத்துக்கோட்டை. "அம்மா கல்யாணம் ஆகி வந்தது இடப்பெயர்வா மிஸ்?" என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆமாம், பிறந்த ஊரையோ கடைசியாக இருந்த ஊரையோ விட்டு வேறு ஊரில் குடியிருந்தால் நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை இடம்பெயர்ந்தவர் என்றுதான் எழுதுகிறது, இந்தியாவில் பெண்கள் இடம்பெயர முதல் காரணம் திருமணம். இத்தனை நாள் அந்தப் பிள்ளைகள் அப்பாவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எத்தனை பேர் அம்மாவிடம் ஊர்க்கதை கேட்டார்களோ, எனக்குத் தெரிந்து நான்கு பேர் மறுநாள் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

பெரம்பூர் பக்கத்து பி அண்ட் சி மில் கதையும் அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததில் இருந்தது. பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள், சுற்று மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து ஆட்களை இழுத்தன. அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று. 1990களில் மில் மூடியது. ஈர்த்த காரணி போய்விட்டது, வந்த மக்கள் இருக்கிறார்கள். இதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு தலைப்பு கிடையாது, ஆனால் எங்கள் தெருக்களில் பாதிக்கு இதுதான் தலைப்பு.

பரவல் என்ற கருத்துக்கு நான் பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடையைத்தான் சொல்வேன். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அத்தோவும் மொய்ங்காவும். ஆட்கள் இடம் மாறும்போது பழக்கமும் கூடவே வந்து இறங்குவது ஒருவகைப் பரவல். அப்புறம் பர்மாவையே பார்க்காதவர்கள், பக்கத்தில் சாப்பிட்டுப் பார்த்து, தாங்களும் தள்ளுவண்டி போட்டு, வியாசர்பாடி வரைக்கும் கொண்டுபோனது இன்னொரு வகை. ஹேகர்ஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் அறிஞர் விவசாயப் புதுமைகள் கிராமம் கிராமமாகப் பரவியதை ஆராய்ந்தவர். அவர் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரியில் அத்தோ என்று எழுதினால் திருத்துகிறவர் மதிப்பெண் குறைப்பாரா? குறைக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

தூரம் என்ற கருத்தை நீங்கள் கிலோமீட்டரோடு விட்டுவிட்டீர்கள், அதில் எனக்குக் குறை உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? நேரத்திலும் காசிலும் அளக்கிற தூரம்தான் மனிதனின் தூரம். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபோது எங்கள் ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை, ஆனால் டிக்கெட் காசு இருப்பவருக்கு சென்ட்ரல் பக்கத்தில் வந்துவிட்டது. கரையோரக் குடிசையிலிருந்து எடுத்து, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் வைக்கப்பட்ட குடும்பத்துக்குக் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டால், அந்தக் குடும்பத்துப் பிள்ளை உங்களுக்கு அந்தக் கருத்தை நடத்தும்.

அளவு மட்டம் என்பது பிள்ளைகளுக்குக் கடினமான கருத்து. வீடு, தெரு, நகரம், நாடு, உலகம் என்று வட்டத்துக்குள் வட்டம் போட்டுக் காட்டுகிறோம், அதற்கு மேல் போவதில்லை. நான் இப்படிச் சொல்கிறேன்: தியாகராய நகரில் ஒரு வீட்டில் ஏ.சி. போடுகிறார்கள். அந்த மின்சாரத்துக்கு ஒடிசாவில் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. 2001-இல் எண்ணூரில் துறைமுகம் திறந்ததே பெரும்பாலும் இந்த நிலக்கரிக்காகத்தான். இங்கே எரிகிறது. வெளிச்சமும் குளிர்ச்சியும் கம்பி வழியாக நகரம் முழுக்கப் போகிறது, சாம்பல் மட்டும் எங்கும் போவதில்லை, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் தங்கிவிடுகிறது. நகரம் என்ற மட்டத்தில் பார்த்தால் அது வளர்ச்சி, எண்ணூர் மீனவரின் வலை என்ற மட்டத்தில் பார்த்தால் அது சேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து கழிமுகத்துக்கு வந்தபோது, படகும் வலையும் கறுத்து நின்றதை என் மாணவர்கள் தங்கள் வீட்டிலேயே பார்த்தார்கள். எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து உண்மையே மாறித் தெரியும் என்று சொன்னால் அவர்களுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

மக்கள் அடர்த்திக்கு அதிக இடம் வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555, சென்னை மாவட்டத்தின் அடர்த்தி 26,500-க்கும் மேல். இந்த எண் சராசரி, அது போயஸ் தோட்டத்தையும் எங்கள் தெருவையும் சேர்த்துப் போட்ட எண் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

மண்டலம் என்ற கருத்துக்கு ஒரே கேள்வி போதும்: வட சென்னை எங்கே தொடங்குகிறது? ஒருத்தி பாரிமுனை என்றாள், ஒருவன் கூவத்துக்கு வடக்கே எல்லாம் என்றான், இன்னொருவன் தேர்தல் தொகுதியைச் சொன்னான். தொகுதிக்கு எல்லைக்கோடு இருக்கிறது. ஆனால் கோடு தாண்டிப் போனால் அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகின்றன, அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள், வேலையையும் போக்குவரத்தையும் வைத்துப் பார்த்தால் அதுவும் ஒரே மண்டலம். ஜனங்கள் மனதில் இருக்கிற வட சென்னையோ மூன்றாவது. அரை மணி நேரம் சண்டை போட்டார்கள், மூன்று வகை மண்டலங்களையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தச் சண்டைக்கு அப்புறம் ஒரு வேலை கொடுத்தேன். எதையும் பார்க்காமல், அவரவர் மனதில் இருக்கிற ஊரை வரையச் சொன்னேன். பையன்கள் வரைந்ததில் கிரவுண்டு, பீச், பாலம், நண்பன் வீடு என்று தாள் பத்தவில்லை. பெண்களின் தாளில் வீடு, பள்ளி, டியூஷன், தண்ணீர் லாரி நிற்கிற முனை, கோயில், அப்புறம் இரண்டு தெருக்களுக்குக் குறுக்கே கோடு போட்டு "இந்த வழி போக மாட்டோம்" என்ற குறிப்பு. ஒரே தெருவில் பிறந்த அக்கா தம்பியின் ஊரே இரண்டாக இருந்தது. நான் எம்.ஏ. படித்தபோதுகூட இதை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். மாணவர் பக்கத்தில் ஒவ்வொரு கருத்தோடும் தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணமாவது போடுங்கள், சென்னை மட்டும் வேண்டாம், தூத்துக்குடிப் பிள்ளைக்கு உப்பளமும் திருப்பூர்ப் பிள்ளைக்குப் பனியனும் இருக்கட்டும். சிகாகோவையும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அடுத்த பத்தியில் பெரம்பூரும் இருக்கட்டும். உங்களிடம் பழைய புகைப்படங்கள் இருக்கும், துறைமுகத்துக்கு வடக்கே கரை எப்படி இருந்தது என்று ஒரு படம் போட்டால் அது நூறு கேள்வி பதிலுக்குச் சமம். வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர்கள் இந்தப் பேப்பரைப் படிக்கிறார்கள் என்று நம்புகிறேன், அவர்களுக்கும் ஒரு வார்த்தை: "உன் ஊரிலிருந்து உதாரணம் தந்து விளக்குக" என்று ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி வையுங்கள். அந்தக் கொருக்குப்பேட்டைப் பையனிடம் எழுதலாம் என்று நான் சொல்லிவிட்டேன், என் வார்த்தை பொய்யாகக் கூடாது.

பிள்ளைகள் வரைந்த பதினெட்டு வரைபடங்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் காலடிப்பேட்டை மெட்ரோ வாசலிலிருந்து கடலோரக் கல்சுவர் வரை நடக்கப் போகிறோம். உங்கள் நிருபர் யாராவது கூட வந்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81